காந்தத் தூண்டலும் கவுன்சிலிங்கும்: குடியை நிறுத்த இரண்டும் வேண்டுமா?

கேள்வி: 6 ஜனவரி, காலை 11.20

என் கணவருக்கு 46 வயது. 12 வருடமாகக் குடிக்கிறார். இரண்டு முறை மருந்து சாப்பிட்டு நிறுத்தினார். முதல் முறை ஏழு மாதம் தாக்குப்பிடித்தார், அடுத்த முறை மூன்றே வாரம். இப்போது ஓர் இடத்தில் தலையில் காந்தம் வைத்து மூளையைத் தூண்டும் சிகிச்சை தருகிறார்களாம். 20 நாள், தினமும் அரை மணி நேரம். "கவுன்சிலிங் எல்லாம் தேவையில்லை, மூளையிலேயே சரி செய்துவிடுவோம்" என்கிறார்கள். இவருக்கு யாரிடமும் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது பிடிக்காது. அதனாலேயே இதற்குச் சரி என்றிருக்கிறார். காந்தம் மட்டும் போதுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

6 ஜனவரி, இரவு 9.45

போதாது. அந்த நாற்காலியில் இரண்டு சுற்று உட்கார்ந்தவன் சொல்கிறேன். முதல் சுற்றில் காந்தம் மட்டும். முடிந்து ஐந்தாவது வாரம் குடித்தேன். இரண்டாவது சுற்றில் காந்தமும் பேச்சும் சேர்த்துத் தந்தார்கள். நான்கு வருடம் இரண்டு மாதம் ஆகிறது, தொடவில்லை.

கருவி ஏமாற்று வேலை இல்லை. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கரும் அவர் குழுவும் செய்து காட்டியதிலிருந்து வளர்ந்து வந்த முறை. அனுமதி பெற்ற சிகிச்சைதான். இடிப்பது அந்த "கவுன்சிலிங் தேவையில்லை" என்ற வரி.

6 ஜனவரி, இரவு 10.10

முதலில் கேட்டிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன், மன்னியுங்கள் சகோதரி. அவர் இன்றும் தினமும் குடிக்கிறாரா?

குடிக்கிறார் என்றால் காந்தத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். பல வருடம் தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியும், உயிருக்கே ஆபத்தாக முடியும். வீட்டில் வைத்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை இது. டாக்டர் கண்காணிப்பில், மருந்தோடு, தையமின் என்கிற பி1 வைட்டமினோடு கடக்க வேண்டிய நாட்கள்.

காந்தத் தூண்டலால் வலிப்பு வருவது மிக அரிது. ஆனால் குடியை விட்ட முதல் நாட்களில் மூளை ஏற்கெனவே வலிப்பின் விளிம்பில் நிற்கிறது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. கடைசியாக எப்போது குடித்தார், எவ்வளவு குடித்தார், முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா, தலைக்குள் அறுவை சிகிச்சையில் வைத்த கிளிப்போ காதுக்குள் பொருத்திய கருவியோ உலோகமோ இருக்கிறதா என்று கேட்காமல் நாற்காலியில் உட்கார வைக்கிற இடம் என்றால், அங்கே போகாதீர்கள்.

7 ஜனவரி, காலை 6.30

என் முதல் சுற்றைச் சொல்கிறேன். இடத்தின் பெயர் வேண்டாம்.

தலைக்கு நீச்சல் தொப்பி மாதிரி ஒன்றை மாட்டி, பேனாவால் புள்ளி வைத்தார்கள். எட்டு வடிவத்தில் ஒரு கம்பிச் சுருள், 'காயில்' என்பார்கள். அதைத் தலையில் ஓரிடத்தில் வைத்து 'டக்' என்று ஒரு தட்டு. என் கட்டைவிரல் தானாகத் துள்ளியது. நான் அசைக்கவில்லை! அந்த விரல் அசைய எவ்வளவு வலு வேண்டியிருக்கிறது என்று பார்த்து, அதை வைத்து எனக்கான அளவைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு காயிலை நெற்றிக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் நகர்த்தினார்கள். அங்கேதான் "வேண்டாம், நிறுத்து" என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்கிற வேலை நடக்கிறதாம்.

மரங்கொத்தி கொத்துகிற மாதிரி நான்கு விநாடி தட்டும். பிறகு அமைதி. மறுபடி நான்கு விநாடி. புருவமும் தாடையும் துடிக்கும். முதல் மூன்று நாள் தலைவலி, பிறகு பழகிவிட்டது. காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருப்பேன். முடிந்ததும் தொப்பியைக் கழற்றி, "நாளைக்கு இதே நேரம்" என்பார் கருவியை இயக்குகிறவர். அவ்வளவுதான். 20 நாளில் ஒருவர்கூட "நேற்று சாயங்காலம் எப்படி இருந்தது?" என்று கேட்கவில்லை.

பலன் இல்லாமல் இல்லை. இரண்டாவது வாரத்திலிருந்து அந்த மாலை நேரத் தவிப்பு இறங்கியது. வயிற்றுக்குள் எதுவோ பிறாண்டுமே, அது ஓய்ந்தது. குணமாகிவிட்டேன் என்றே நம்பினேன். வீட்டில் எல்லோரும் நம்பினார்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு வியாழக்கிழமை. அலுவலகத்தில் ஒரு கணக்குத் தவறு என் தலையில் விழுந்தது. ஏழரை மணிக்கு வெளியே வந்தேன். எனக்குத் தவிப்பே இல்லை. இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். நாக்கு கேட்கவில்லை, வயிறு கேட்கவில்லை. கால் மட்டும் பழைய வழியில் நடந்தது. அவமானப்பட்டால் அங்கே போவது என்று 15 வருடமாகப் பழகிய கால். கிளாஸைக் கையில் எடுத்தபோதுகூட "இது எனக்கு இப்போது வேண்டியே இல்லையே" என்று நினைத்தது நினைவிருக்கிறது. குடித்தேன். மறுநாள் "காந்தமே கைவிட்டுவிட்டது, இனி எனக்கு வழியே இல்லை" என்று இன்னும் நிறையக் குடித்தேன்.

காந்தம் தவிப்பைக் குறைத்தது. அவமானத்தைச் சுமந்துகொண்டு ஏழரை மணிக்கு எங்கே போவது என்று அது சொல்லித் தராது.

8 ஜனவரி, மதியம் 1.15

மேலே "அனுமதி பெற்ற சிகிச்சை" என்று எழுதியதை ஒருவர் பிடித்துவிட்டார். எதற்கு அனுமதி என்று சொல்லாமல் விட்டது என் பிழை. மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதற்கு மனச்சோர்வுக்காக 2008-இல் அனுமதி தந்தது, ஓ.சி.டி. என்கிற, ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டும் நோய்க்கு 2018-இல், புகைப்பழக்கத்தை நிறுத்த 2020-இல். குடிக்கு அந்த அனுமதி இல்லை. குடிக்குத் தருகிறவர்கள் ஆய்வாகவோ, டாக்டரின் சொந்தப் பொறுப்பிலோ தருகிறார்கள். அப்படித் தருவது குற்றமில்லை. அதை நோயாளியிடம் சொல்லாமல் மறைப்பதுதான் தவறு. என்னிடம் முதல் சுற்றில் சொல்லவில்லை.

8 ஜனவரி, இரவு 8.50

இரண்டாவது சுற்று வேறொரு இடத்தில், பதினான்கு மாதம் கழித்து. கருவி ஏறக்குறைய அதேதான். சுற்றி இருந்த ஏற்பாடு வேறு.

காந்தம் வைப்பதற்கு முன் ஆலோசகர் ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காருவார். "நேற்று எந்த நிமிஷம் ரொம்பக் கஷ்டமாக இருந்தது? கண்ணை மூடி அங்கே போங்க. யார் இருந்தாங்க, என்ன சத்தம், கை எங்கே இருந்தது?" என்பார். எனக்குத் தவிப்பு ஏறும். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்லச் சொல்வார். அந்த எண் ஏறியிருக்கும்போதுதான் காயில் தட்டத் தொடங்கும்.

முதல் நாள் எனக்குக் கோபமே வந்தது. மறக்க வந்தவனுக்கு எதற்கு நினைவூட்டுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் விளக்கியது: மூளையில் எந்த வழித்தடம் அப்போது விழித்திருக்கிறது என்பதைப் பொறுத்துத் தூண்டலின் விளைவு மாறும். தவிப்பின் தடம் தூங்கிக்கொண்டிருக்கும்போது தட்டுவதைவிட, அது எழுந்து நிற்கும்போது தட்டினால் அதை மாற்ற வாய்ப்பு அதிகம் என்ற எண்ணத்தில்தான் இப்படிச் செய்கிறார்கள்.

தட்டு முடிந்ததும் அதே அறையில், தொப்பியைக் கழற்றிய கையோடு, 30 நிமிடம் பேச்சு. அந்த அரை மணியில் மனம் ஒரு மாதிரி தெளிந்திருக்கும். மழை நின்ற பிறகு தெரு தெரிகிற மாதிரி. நேற்று என்ன நடந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, அதற்கும் முன் என்ன நடந்தது என்று பின்னோக்கிப் போவோம். இந்தப் பேச்சு நேரத்தில்தான் என் வியாழக்கிழமையைக் கண்டுபிடித்தேன். நான் குடித்தது ஏழரைக்கு இல்லை. மதியம் மூன்றரைக்கே, மேலாளர் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொன்னபோதே, "இன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று உள்ளே ஒன்று முடிவு செய்துவிட்டது. நான்கு மணி நேரம் முன்பே! அந்த நான்கு மணி நேரத்தில் ஓர் ஆளுக்காவது போன் செய்திருக்கலாம்.

புகைப்பழக்கத்துக்கு நடந்த பெரிய ஆய்விலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். 262 பேர். தட்டுவதற்கு முன் புகைக்கும் ஆசையைக் கிளறிவிட்டு, முடிந்த பிறகு ஊக்கம் தரும் சுருக்கமான பேச்சு. 2021-இல் வெளியான முடிவில், 18-ஆவது வாரத்தில் தொடர்ந்து நான்கு வாரம் புகைக்காமல் இருந்தவர்கள் நிஜத் தூண்டல் பெற்றவர்களில் 19.4 சதவீதம், போலித் தூண்டல் (தூண்டுவது போலக் காட்டி உண்மையில் தூண்டாமல் விடுவது) பெற்றவர்களில் 8.7 சதவீதம். இரு பக்கத்துக்கும் பேச்சு உண்டு. பேச்சே இல்லாத காந்தத்துக்குத் தந்த அனுமதி அல்ல அது. "கவுன்சிலிங் தேவையில்லை" என்று சொல்கிறவர்களிடம் இதைக் கேளுங்கள்.

9 ஜனவரி, காலை 7.05

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற காந்தத்தைத் தலையில் வைத்தால் ஆகாதா? சிரித்துவிட்டேன், ஆனால் நல்ல கேள்வி. ஆகாது. அசையாத காந்தம் மூளையில் மின்னோட்டத்தை உண்டாக்காது. காயிலில் மின்சாரம் கண்ணிமைப்பதைவிட வேகமாக ஏறி இறங்கும்போது காந்தப்புலமும் அதே வேகத்தில் மாறும். அந்த மாற்றம்தான் மண்டை ஓட்டைத் தாண்டிப் போய் உள்ளே சின்ன மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. 1831-இல் ஃபாரடே கண்டறிந்த அதே விதி. வலு ஒன்றரை டெஸ்லா அளவில், எம்.ஆர்.ஐ. கருவிக்குச் சமம்.

இன்னொருவர் "ஷாக் ட்ரீட்மென்டா?" என்கிறார். இல்லை. அது மயக்கம் கொடுத்து, வேண்டுமென்றே வலிப்பை வரவழைத்துச் செய்வது. இதில் மயக்கமும் இல்லை, வலிப்பும் வரக் கூடாது. முழு நினைவோடு உட்கார்ந்திருப்போம். முடிந்ததும் எழுந்து நடந்து வீட்டுக்கு வந்துவிடலாம்.

11 ஜனவரி, இரவு 9.20

இணையத்தில் விற்கிற மின் தூண்டல் பட்டையை வாங்கி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். அது டி.டி.சி.எஸ். என்கிற வேறு முறை. உப்புநீரில் நனைத்த பஞ்சு வழியாக 1 அல்லது 2 மில்லி ஆம்பியர் மின்சாரம், 20 நிமிடம் போல. தோல் குறுகுறுக்கும், அரிக்கும். காந்தம் நரம்பணுவை நேரடியாகத் தட்டி எழுப்புகிறது. இது தட்டுவதில்லை, கொஞ்சம் எளிதாக எழும்படி இளக்கி வைக்கிறது. எனவே அந்த 20 நிமிடத்தில் நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பது இங்கே இன்னும் முக்கியம்.

இதில் எனக்குப் பிடித்த ஆய்வும் இருக்கிறது, என்னை யோசிக்க வைத்த ஆய்வும் இருக்கிறது. முதலாவது பிரேசிலில் நடந்து 2014-இல் வெளிவந்தது. 33 பேர், ஐந்தே அமர்வுகள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் நிஜத் தூண்டல் பெற்ற 16 பேரில் 8 பேர் குடிக்காமல் இருந்தார்கள், போலித் தூண்டல் பெற்ற 17 பேரில் 2 பேர். இரண்டாவது அமெரிக்காவில் நடந்து 2019-இல் வெளிவந்தது. 84 பேர். எட்டு வாரம், வாரம் ஒரு குழுக் கூட்டம், மறுபடி குடிக்காமல் இருப்பதற்கான மனநிறை தியானப் பயிற்சி. அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதே தலையில் மின் தூண்டல். நான் இவ்வளவு நாளாகச் சொல்கிற சேர்க்கையேதான்! முடிவு? எல்லோரும் குடியைக் குறைத்தார்கள். அதிகக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் அதிகம் குறைத்தார்கள். நிஜத் தூண்டல், போலித் தூண்டல் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை.

பட்டையை வாங்காதீர்கள். எங்கே வைப்பது, எவ்வளவு நேரம் வைப்பது என்பதெல்லாம் அளந்து பார்த்துச் செய்கிற வேலை. தவறாக வைத்தால் தோல் புண்ணாகும். அதைவிட, தனியாக அறைக்குள் உட்கார்ந்து குடித்தவன், தனியாக அறைக்குள் உட்கார்ந்து பட்டை மாட்டிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

12 ஜனவரி, அதிகாலை 4.40

தூக்கம் வரவில்லை. நேற்று எழுதிய அந்த 84 பேர் விஷயம் மண்டையைக் குடைகிறது.

பரணிலிருந்து என் இரண்டாவது சுற்று நோட்டை எடுத்துப் பார்த்தேன். தினமும் தவிப்பு எண்ணை எழுதி வைத்த நோட்டு. நான் மறந்தே போயிருந்த ஒன்று அதில் இருக்கிறது. முதல் நான்கு நாள் அங்கே கருவி பழுது. ஆளை வரவழைத்துச் சரி செய்துகொண்டிருந்தார்கள். அந்த நான்கு நாளும் பேச்சு மட்டும்தான் நடந்தது. எண்களைப் பாருங்கள்: 8, 8, 7, 6. ஐந்தாம் நாள் காந்தம் தொடங்குகிறது: 6, 7, 5, 5, 4.

காந்தம் வருவதற்கு முன்பே இறங்கத் தொடங்கியிருக்கிறது.

அப்படியென்றால் என்னைக் காப்பாற்றியது எது? தட்டா, பேச்சா, தினமும் காலை ஒன்பதரைக்குக் குளித்துச் சட்டை மாற்றி ஓரிடத்துக்குப் போனதா? நான்கு வருடமாக எல்லோரிடமும் "காந்தமும் பேச்சும்" என்று ஒரே மூச்சில் சொல்லி வந்திருக்கிறேன். இன்று அதே உறுதியோடு சொல்ல வாய் வரவில்லை.

12 ஜனவரி, இரவு 8.15

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் காந்தமே வேஸ்ட்" என்று முடிவு கட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் போகாதீர்கள்.

குடிக்கு நடந்த காந்த ஆய்வுகள் இரண்டு திசையிலும் இருக்கின்றன. 2010-இல் வெளியான ஆய்வில், ராஞ்சியில் மத்திய மனநல நிறுவனத்தில் 45 பேருக்கு 10 அமர்வு, நெற்றியின் வலப்பக்கம். தவிப்பு குறைந்தது. 2020-இல் வெளியான வேறொரு ஆய்வில், இன்சுலா என்கிற மூளையின் உட்பகுதியை நோக்கி 56 பேருக்கு மூன்று வாரம். நிஜமும் போலியும் ஒரே அளவு குறைத்தன, வித்தியாசம் கிடைக்கவில்லை. 2022-இல் நெற்றிக்குப் பின்னால் நடுப்பகுதியை ஆழமாகத் தூண்டிய ஆய்வு, 51 பேர். பின்தொடர்ந்த மாதங்களில் மிதமிஞ்சிக் குடித்த நாட்கள் நிஜத் தூண்டல் பெற்றவர்களுக்கு 2.9 சதவீதம், போலிக்கு 10.6 சதவீதம். இது சின்ன வித்தியாசம் இல்லை.

ஆக, எந்த இடத்தில் தட்டுவது என்பதே இன்னும் தீரவில்லை. எல்லா ஆய்விலும் ஆட்கள் குறைவு. போலித் தூண்டல் பெற்றவர்களும் தேறுகிறார்கள், ஏனென்றால் அவர்களும் தினமும் வருகிறார்கள், அவர்களிடமும் ஒருவர் கேட்கிறார், அவர்களும் குடியை நிறுத்த வேண்டும் என்று வந்தவர்கள்தான்.

நான் இப்போது நிற்கிற இடம் இது. பேச்சு கட்டாயம். காந்தம் கிடைத்தால், டாக்டர் ஒப்புக்கொண்டால், பேச்சுக்குத் துணையாக. 6-ஆம் தேதி "காந்தமும் பேச்சும்" என்று எழுதியதை "பேச்சு, கூடவே காந்தம்" என்று மாற்றிப் படியுங்கள்.

மூளைக்குள்ளேயே கம்பி வைக்கும் அறுவை சிகிச்சை பற்றியும் ஒருவர் கேட்டார். விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களுக்குத்தான் செய்திருக்கிறார்கள். இந்தப் பேச்சுக்கு அது தேவையில்லை.

15 ஜனவரி, மாலை 6.00

கேள்வி கேட்ட சகோதரி திரும்ப வந்திருக்கிறார். தினமும் குடிக்கிறாராம். டாக்டரிடம் முதலில் காட்டப் போகிறார்கள். நிம்மதி. "ஆனால் பேச மாட்டேன் என்கிறார். உட்கார்ந்தால் புத்தி சொல்வார்கள், அதைக் கேட்க என்னால் முடியாது என்கிறார்" என்று எழுதியிருக்கிறார்.

அவர் பயப்படுவது நியாயம். நானும் அதைத்தான் எதிர்பார்த்துப் போனேன். முதல் நாள் ஆலோசகர் கேட்டது, "குடி உங்களுக்கு என்ன நல்லது செய்யுது?" நான் வாயடைத்துப் போனேன். 15 வருடத்தில் அதை ஒருவரும் கேட்டதில்லை. பதில் சொல்ல ஆரம்பித்தேன்: தூக்கம் வரும், அப்பா நினைவு வராது, நாலு பேரோடு பேச வரும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசியில், "இது எல்லாத்தையும் விட்டுக் கொடுக்கணும்னா கஷ்டம்தான். அப்படியும் ஏன் வந்தீங்க?" என்றார். அதற்கு நான் சொன்ன பதில் என் மகளைப் பற்றியது. அதை எழுத மாட்டேன். ஆனால் நிறுத்த வேண்டும் என்பதற்கான காரணத்தை என் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார் என்பது அன்று இரவுதான் உறைத்தது.

இதற்கு முறையான பெயர் உண்டு, ஊக்கமூட்டும் நேர்காணல். வில்லியம் மில்லர் 1983-இல் முதன்முதலாக எழுதியது. ஆலோசகர் வாதாடினால் குடிப்பவர் குடிக்காக வாதாடுவார். வாதாடாமல் கேட்டால் குடிப்பவரே எதிர்ப்பக்கமும் பேசுவார். உங்கள் கணவரிடம் "புத்தி சொல்ல மாட்டார்கள், கேள்விதான் கேட்பார்கள்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள்.

எந்த வகைப் பேச்சு சிறந்தது என்றும் ரொம்பக் குழம்ப வேண்டாம். 1997-இல் வெளியான ஓர் ஆய்வில் 1,726 பேரை வைத்து மூன்று வகைப் பேச்சு சிகிச்சைகளை ஒப்பிட்டார்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு உதவின. ஆள் பொருந்தி வர வேண்டும். எனக்கு முதல் ஆலோசகர் ஒத்துவரவில்லை, இரண்டாமவர் ஒத்துவந்தார்.

15 ஜனவரி, மாலை 6.40

இதைத் தனியாக எழுதுகிறேன், சகோதரிக்காக மட்டும்.

அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடிப்பவரின் மனைவிக்கும் பெற்றோருக்கும் தனியாகப் பயிற்சி தரும் முறை இருக்கிறது, கிராஃப்ட் என்பார்கள். அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் எப்படிப் பேசுவது, குடித்துவிட்டு வந்த இரவில் வாக்குவாதத்துக்குப் போகாமல் எப்படி விலகுவது, குடியால் வரும் சிக்கலை அவருக்காக மூடி மறைக்காமல் இருப்பது, உங்கள் உடம்பையும் மனதையும் பார்த்துக்கொள்வது, அடி விழும் நிலை வந்தால் எங்கே போவது என்று எல்லாம் அதில் வரும். 1999-இல் வெளியான ஆய்வில் 130 குடும்பத்தினர். இந்தப் பயிற்சி பெற்றவர்களின் வீட்டில் 64 சதவீதக் குடிநோயாளிகள் சிகிச்சைக்கு வந்தார்கள். எல்லோரும் கூடி ஆளை எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் முறையில் 30 சதவீதம்தான்.

என் மனைவி இதையெல்லாம் படிக்காமலே ஒன்று செய்தார். நான் குடித்த மறுநாள் அலுவலகத்துக்குப் போன் செய்து "காய்ச்சல்" என்று சொல்வதை ஒரு நாள் நிறுத்திவிட்டார். "நீங்களே சொல்லுங்க" என்று போனை என் கையில் கொடுத்தார். அந்தப் போனின் கனம் இன்னும் என் கையில் இருக்கிறது.

19 ஜனவரி, காலை 10.30

மாத்திரை பற்றி நான் பேசவே இல்லை என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். சரிதான். நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிராம் மூன்றும் குடிக்கென்றே அனுமதி பெற்றவை, காந்தத்தைவிட மிகப் பெரிய ஆய்வுகளைக் கடந்து வந்தவை. இரண்டாவது சுற்றில் நானும் நால்ட்ரெக்சோன் சாப்பிட்டேன். அதை இத்தனை நாள் எழுதாமல் விட்டதும் என் தவறு. 12-ஆம் தேதிக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காந்தத்துக்குப் போவதால் மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று பட்டியல் எழுதிக் கொண்டு போங்கள். புப்ரோபியான் மாதிரி சில மருந்துகள் வலிப்பின் வரம்பைத் தாழ்த்தும். அதைத் தெரிந்துகொண்டுதான் காந்தத்தின் அளவை வைப்பார்கள். முந்தின இரவு தூங்கவில்லை என்றாலும், குடித்துவிட்டோம் என்றாலும் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஒரு நாள் அமர்வைத் தள்ளிப்போடுவார்கள், அவ்வளவுதான்.

2 பிப்ரவரி, இரவு 9.00

"ஒரு தடவை வழுக்கிவிட்டேன், இதுவரை செய்ததெல்லாம் வீண்" என்று எழுதியிருக்கும் நண்பருக்கு.

வீண் இல்லை. என் முதல் சுற்றில் என்னைக் கவிழ்த்தது வியாழக்கிழமைக் கிளாஸ் இல்லை, வெள்ளிக்கிழமை வந்த அந்த நினைப்பு. "இனி வழியே இல்லை" என்பது. பேச்சு சிகிச்சையில் இதற்கென்றே ஒரு முழு நாள் ஒதுக்கினார்கள். வழுக்கினால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வேன் என்று எழுத வைத்தார்கள். என் தாளில் இருந்தது: கிளாஸைக் கவிழ். அந்த இடத்தை விட்டு வெளியே வா. அண்ணனுக்குப் போன் செய். நாளை ஒன்பதரைக்குப் போ. பர்ஸில் மடித்து வைத்திருக்கிறேன், ஓரம் கிழிந்துவிட்டது. உங்களுக்கு இன்று இரவு போன் செய்ய யார் இருக்கிறார்?

9 மார்ச், காலை 8.20

சகோதரி எழுதியிருக்கிறார். பத்து நாள் உள்நோயாளியாக இருந்து நடுக்கம் கடந்து, மருந்து தொடங்கி, வேறொரு இடத்தில் காந்தமும் பேச்சும் சேர்த்து ஆரம்பித்திருக்கிறார்களாம். இன்று ஒன்பதாம் நாள். முதல் வாரம் பேச்சு நேரத்தில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஆலோசகரும் வற்புறுத்தவில்லை. நேற்று பத்து நிமிடம் பேசினாராம். எதைப் பற்றி என்று வீட்டில் சொல்லவில்லை. கேட்காதீர்கள் சகோதரி. அந்தப் பத்து நிமிடம் அவருக்கே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் இப்போதே அங்கே கேட்டு வையுங்கள். 20-ஆம் நாள் தொப்பியைக் கழற்றிய பிறகு, 21-ஆம் நாள் யாரைப் பார்ப்பது? வாரம் ஒரு முறையா, எந்தக் கிழமை, எத்தனை மணி? என் முதல் சுற்றில் 21-ஆம் நாள் என்று ஒன்று யார் கணக்கிலும் இல்லை. இரண்டாவது சுற்றில் செவ்வாய் மாலை ஆறு மணி என்று முதல் வாரமே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இன்றும் மாதத்தில் ஒரு செவ்வாய் போகிறேன். நாளை மறுநாள் செவ்வாய்தான்.

9 மார்ச், காலை 8.35

தவிப்பு எண் எழுதும் நோட்டு பற்றிக் கேட்டிருந்தீர்களே. கட்டம் போட்டதெல்லாம் வேண்டாம், சாதாரண நோட்டு போதும். தேதி, மணி, எண், அப்போது பக்கத்தில் யார் இருந்தார் என்று நான்கே விஷயம். அவரே எழுதட்டும். காந்தம் இல்லாத நாளிலும் எழுதச் சொல்லுங்கள்.